கட்டை கட்ட ஒரு கூடம்

உத்திரமேரூர் வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குடவோலைத் தேர்தலில் தொடங்கி குடவோலையிலேயே முடித்துவிடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளின் பெருமை ஒருபுறம் இருக்கட்டும். இன்றைக்கு நமக்கு அதிகம் பயன்படக்கூடியது பக்கத்துத் திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த ஊரில், 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஒரு பெருமாள் கோயிலை ஒட்டிப் பள்ளியும் மாணவர் தங்கும் இடமும் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையும் நடந்திருக்கின்றன. அவற்றின் கட்டடங்களை வர்ணிப்பதில் அந்தக் கல்வெட்டுக்கு அக்கறை இல்லை. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்கிறவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருகிறவர்களுக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு என்று ஆள் ஆளாகக் கணக்கு வைத்திருக்கிறது. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களைக்கூட அது விடவில்லை.

இப்போது நம் ஊர்களில் சீரமைக்கப்படும் சமுதாயக்கூடங்களின் வாசலில் பதிக்கிற கல்லைப் பாருங்கள். திறந்து வைத்தவர் பெயர், தலைமை, முன்னிலை, எந்த நிதி, எத்தனை லட்சம். உள்ளே யார் வேலை பார்ப்பார், அவருக்குக் கூலி யார் தருவார், விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வரும் என்று ஒரு வரியும் இருக்காது. இதை அரசியல்வாதிகளின் விளம்பர ஆசை என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். காரணம் அதைவிட ஆழத்தில் இருக்கிறது. நிதி ஒதுக்கும் விதிகளே அப்படி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தரும் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் நீடித்து நிற்கும் சொத்துகளை உருவாக்கத்தான் அனுமதிக்கிறது. சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ அதில் இடமில்லை. சுவர் எழுப்பலாம், தரை ஓடு பதிக்கலாம். கூடத்தைத் திறந்து பெருக்குகிற ஆளுக்குப் பணம் தர முடியாது. ஆகவே கூடம் புதுப்பிக்கப்படுகிறது, பூட்டப்படுகிறது, சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் புதுப்பிக்கப்படுகிறது.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் இருக்கும் மானாம்பதியையும் அதன் சுற்றுப்பட்டு ஊர்களையும் முன்வைத்து ஒரு யோசனையைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். இந்த வட்டாரத்தில் ஒரு பொதுக்கூடம் சீரமைக்கப்படுமானால் அதன் ஓர் அறையையும் முற்றத்தையும் கூத்தின் அணிகலைக்குத் தர வேண்டும். கூத்துக்கு என்று சொல்லவில்லை. கூத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திடலும் தெருவும் அறுவடை முடிந்த வயலும் அதற்குப் போதும். இடம் இல்லாமல் இருப்பது கூத்தாடி உடம்பில் கட்டிக்கொள்ளும் அந்தச் சிற்பங்களுக்கும் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளுக்கும்தான்.

சிற்பம் என்ற சொல்லைத் தெரிந்துதான் பயன்படுத்துகிறேன். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்தில் துரியோதனனோ கர்ணனோ அர்ச்சுனனோ திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, நெஞ்சில் மார்பதக்கம் என்று ஏறக்குறைய இரண்டு ஆள் அகலத்துக்கு விரிந்திருப்பார்கள். எல்லாம் மரம். கல்யாண முருங்கை போல எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வர்ணம் பூசி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் வண்ணத்தாளும் ஒட்டி, கயிறு கோத்துச் செய்தவை. இடுப்பில் சேலைகளை மடித்து மடித்துக் கட்டி விரித்த பாவாடை, காலில் சலங்கை. இரவெல்லாம் குதிக்கவும் சுழலவும் பாடவும் வேண்டிய உடம்புக்கு இவ்வளவும் சுமையாகாமல் இருக்க வேண்டும். நூறு கெஜத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரிய வேண்டும். கண்ணாடித் துண்டுகளை எந்தச் சாய்வில் பதிப்பது என்பதே ஒரு கணக்கு. தீவட்டி வெளிச்சத்துக்கென்று பிறந்த கணக்கு அது. பெட்ரோமாக்ஸ் வந்தபோது ஒரு முறை மாறியிருக்கும், குழல்விளக்கு வந்தபோது இன்னொரு முறை. இந்த மர அணிகளுக்குக் கட்டை என்று பெயர். அந்தப் பெயராலேயே இந்தக் கலையைக் கட்டைக்கூத்து என்று அழைக்கிறவர்களும் உண்டு. தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்று பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடக்கிறது. புரிசை ஊர்க் கூத்துக்காரர்கள் தெருக்கூத்து என்றே சொல்வார்கள். வழக்கில் யார் வென்றாலும் எனக்குச் சம்மதம். நம் கவனத்துக்கு உரியது வேறொன்று: உடம்பில் அணிகிற பொருளால் ஒரு நாடகக் கலைக்குப் பெயர் வந்திருக்கிறது. தமிழில் நடிகன் வேஷத்தைக் ‘கட்டுகிறான்’ என்று சொல்வதும் இங்கேதான் அதன் நேர்ப்பொருளில் நிற்கிறது.

இப்படிப்பட்ட பொருளைச் செய்கிறவர் யார் என்று கேட்டால் நமக்குப் பெயர் சொல்லத் தெரியாது. ஆடுகிறவர்களின் பெயர் ஓரளவுக்கு வெளியே வந்திருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் முன்னின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் உலகம் அறிந்தது. ஆனால் கட்டை செய்கிறவர் பல இடங்களில் தனிக் கைவினைஞர்கூட இல்லை. ஜமா என்கிற கூத்துக்குழுவின் வாத்தியாரோ வேஷக்காரர் ஒருவரோ கூத்து இல்லாத மாதங்களில் செய்துகொள்கிறார், பழையதைப் பழுது பார்க்கிறார். அவர் கைப்பழக்கம் அவரோடு போய்விடும். மரத்துக்கும் தட்டுப்பாடு. வேலியாகவும் கொடிக்காலில் வெற்றிலை படரவும் நின்ற கல்யாண முருங்கை, 2000-களின் நடுவில் இந்தியாவுக்குள் வந்த ஒரு சிறு குளவி இலையிலும் தண்டிலும் முடிச்சுப் போட்டதில் பல இடங்களில் நலிந்தது. மரம் கிடைக்காத இடத்துக்குத் தெர்மாகோல் வரும், பிளாஸ்டிக் மணி வரும். அது மலிவு, லேசு, சீக்கிரம் ஆகிவிடும். வறுமையில் இருக்கிற ஜமா அதை வாங்கினால் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

கேரளத்தைப் பார்த்தால் இந்த அலட்சியம் இன்னும் உறுத்தும். வள்ளத்தோள் 1930-இல் தொடங்கிய கலாமண்டலம் கதகளி ஆட்டத்தை மட்டும் கற்பித்துவிட்டு நிற்கவில்லை. முகத்தில் அரிசிமாவாலும் காகிதத்தாலும் கட்டுகிற சுட்டியைத் தனிப் பாடமாக வைத்தது. கிரீடமும் தோடும் செய்கிற கோப்புப் பணிக்குப் பாலக்காட்டு வெள்ளிநேழி இன்றும் பேர் பெற்ற ஊர். அங்கே அணி செய்கிறவன் கலைஞன். நம் ஊரும் உடுப்பின் அருமை தெரியாத ஊர் அல்ல. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, கோர்வைச் சேலைக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பெண் உடுத்துகிற சேலைக்கு இவ்வளவு ஏற்பாடு செய்த மாவட்டம், துரியோதனன் தோளில் ஏறுகிற கட்டைக்கு ஒரு பட்டியல்கூடப் போட்டு வைக்கவில்லை.

அணியும் கலை என்பதை ஒரு தனி விழாவாக உலகம் கொண்டாடுவதற்கு வழி காட்டியதும் ஒரு கிராமப்புறக் கலைக்கூடம்தான். நியூசிலாந்தின் நெல்சன் நகருக்கு அருகே, 1987-இல், சூசி மான்கிரீஃப் என்ற சிற்பி ஒரு சிறிய கலைக்கூடத்துக்கு ஆள் வரவழைப்பதற்காக ஒரு யுக்தி செய்தார். சுவரில் மாட்டுகிற கலையை எடுத்து மனித உடம்பில் அணிவித்து மேடையேற்றினார். கூடாரத்தில், மழைக்கு நடுவே, ஏறக்குறைய 200 பேர் பார்த்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து உலகப் போட்டியானது. 2005-இல் விழா தலைநகர் வெல்லிங்டனுக்குப் போய்விட்டது. இந்தக் கதையின் முற்பாதியை மட்டும் சொல்லி உற்சாகப்படுத்துவது சுலபம். பிற்பாதிதான் நமக்குப் பாடம். நிகழ்ச்சி வென்றால் நகரம் அதைத் தூக்கிக்கொண்டு போகும். சிற்றூருக்கு மிஞ்சுவது ‘இங்கேதான் தொடங்கியது’ என்ற பெருமை. நமக்கும் இது புதிதல்ல. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கூத்தைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோனது. கலைஞர்களுக்குக் கையில் பணம் வந்தது, நகரத்துப் பிள்ளைகள் கிரீடத்தை நேரில் பார்த்தார்கள், நல்லதுதான். இரவு முழுதும் விடியும்வரை விரிய வேண்டிய கதை அரை மணிக்குள் மடங்கியதும் உண்மை. பொங்கல் முடிந்ததும் கட்டை பெட்டிக்குள் திரும்பியது.

ஆகவே ஊரில் தங்கக்கூடியது எது என்று பார்க்க வேண்டும். ஆட்டம் பயணம் போகும். அது போக வேண்டும், அதுதான் அவர்கள் பிழைப்பு. பட்டறை பயணம் போகாது. உளியும் அரமும் வர்ணக் கிண்ணமும் ஒட்டுப்பசையும் இருக்கிற அறை, நான்கு போத்து நட்டால் தழைத்துவிடும் கல்யாண முருங்கை நிற்கிற முற்றம், கழற்றிய கட்டையைக் கரையானும் ஈரமும் அண்டாமல் வைக்கும் அலமாரி. இவை ஊரை விட்டு நகராதவை. இந்த மூன்றும் இருக்கிற கூடத்தில் ஆண்டுக்கு ஒரு முறை, கூத்துப் பருவம் தொடங்கும் பங்குனிக்கு முன்பாக, கட்டை கட்டும் நாள் ஒன்றை ஊர் அறிய நடத்தலாம். வழக்கமாக மறைவில் நடக்கிற வேலை அது: அரிதாரம் பூசுவது, சேலையை மடித்து இடுப்பில் சுற்றுவது, ஒருவர் முதுகுப்புறம் நின்று கயிற்றை இழுத்து முடிய இன்னொருவர் மூச்சை அடக்கி நிற்பது. ஒரு சாதாரண விவசாயத் தொழிலாளி அரசனாகிற அந்த நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். புதிதாகச் செய்த கட்டைகளை ஜமாக்கள் அங்கே பார்த்து விலை பேசலாம். உருப்படியான அணியும் கலை நிகழ்ச்சி என்று நான் கருதுவது இதைத்தான்.

இதற்கு எழக்கூடிய முதல் எதிர்ப்பு நியாயமானது. மண்டப வாடகை கொடுக்க முடியாத குடும்பங்கள் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் கல்யாணமும் நடத்துகிற இடம் சமுதாயக்கூடம். அதைக் கலை என்று சொல்லிப் பறித்தால் ஏழைக்குத்தான் நட்டம். பறிக்க வேண்டியதில்லை. கேட்பது ஓர் அறையும் முற்றத்து மூலையும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கூடம் சும்மா கிடக்கிறது. பயிற்சிக்கு அந்த மாதங்களே போதும். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: கல்யாணம் நடக்க வேண்டும், நிறைய நடக்க வேண்டும். கூடத்தின் வாடகையில் ஒரு பங்கை ஊராட்சி இந்த அறைக்கு என்று எழுதி வைத்தால், எந்தத் தொகுதி நிதியும் தர முடியாத அன்றாடச் செலவு அதிலிருந்து வந்துவிடும். சோழர் காலத்தில் கூத்தாடுகிறவர்களுக்கு விட்ட நிலமான கூத்துக்காணி வேறென்ன? இரண்டாம் இராசேந்திரன் தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் நடிப்பவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று எழுதிவைத்தது மேடை கட்டுவதற்கு அல்ல, ஆண்டுதோறும் ஆட்டம் நடப்பதற்கு. நிலத்துக்குப் பதில் இன்று நம்மிடம் இருப்பது கூட வாடகை.

இரண்டாவது எதிர்ப்பு கூத்துக்காரர்களிடமிருந்தே வரலாம். கட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கட்டுகிறவர்கள் அவர்கள். பாரத விழாவில் படுகளம் அன்று துரியோதனன் வேஷம் கட்டியவர் வெறும் நடிகராக நிற்பதில்லை. அதைக் கொண்டுவந்து நாகரிக உடை அணிவகுப்புபோல ஆக்குவதா? இந்தக் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். வழியும் எளிது: கட்டையை யார் கட்டலாம், எது காட்சிக்கு, எது களத்துக்கு மட்டும் என்று ஜமாக்களே முடிவு செய்யட்டும். ஆனால் கூத்து எப்போதும் கோயிலுக்குள்ளேயே பூட்டிக் கிடந்த கலை என்று நினைப்பதும் சரியல்ல. சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் ஆடுகிறார்கள். புரிசைக்காரர்கள் கார்சியா மார்க்கேசின் சிறகு முளைத்த கிழவன் கதையையே கூத்தாக்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு சிறகு செய்ய வேண்டியிருந்திருக்கும் அல்லவா? புதிய கதை வந்தால் புதிய அணி வேண்டும். செய்து பார்க்க ஓர் இடமும் வேண்டும். மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்து வித்தியானந்தன் 1960-களில் மேடைக்குச் சுருக்கித் தந்தபோதும் இதே சச்சரவு எழுந்தது. இன்று அவருடைய இராவணேசன் இல்லாமல் ஈழத்து நாடக வரலாறு இல்லை.

மூன்றாவதை எதிர்ப்பு என்று சொல்லமாட்டேன், எச்சரிக்கை என்பேன். ஊர்ப் பொதுக்கூடம் என்றால் யாருடைய ஊர்? ஊரும் காலனியும் தனித்தனியே இருக்கிற தமிழ்நாட்டுக் கிராமத்தில் பொது என்ற சொல் எளிதாகப் பொய்யாகிவிடும். கூத்துக்காரர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். வேஷம் கட்டினால் இராசா, கழற்றினால் வாசலுக்கு வெளியே என்று நடத்தப்பட்ட வரலாறு பழங்கதையாகிவிடவில்லை. கோயில் திடலில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது சிரமம். ஊராட்சிக் கூடம் அரசுச் சொத்து. அங்கே எல்லா ஜமாவும் ஒரே அலமாரியில் கட்டை வைக்கும், ஒரே பாயில் உட்கார்ந்து செதுக்கும் என்று விதி போட முடியும், மீறினால் கேட்கவும் முடியும். பெண்களுக்கும் இதுவே வாசல். கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலம், ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுத் தந்தது; அவர்கள் கட்டை கட்டி ஆடியபோது கூரை இடிந்து விழவில்லை.

அந்தக் குருகுலத்தின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. 2002-இல் தொடங்கியது, படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கொடுத்தது, 2020-இல் முடிந்தது. பதினெட்டு ஆண்டு ஒரு தனி அமைப்பு தாங்கியதே பெரிது. அரசு ஏற்கெனவே செய்கிறதே என்று ஒரு பேச்சு வரும். செய்கிறது: காஞ்சிபுரத்தில் மண்டலக் கலை பண்பாட்டு மையம் இருக்கிறது, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. நல வாரியம் ஆடுகிறவருக்கு உதவி தரும். அவர் தலையில் ஏறுகிற கிரீடத்தைச் செய்தவர் அதன் பட்டியலில் கலைஞராக நிற்க வேண்டும், அவரிடம் கற்க வரும் இரண்டு பிள்ளைகளுக்கு மையம் பகுதிநேரப் பயிற்சியாகக் கணக்கு வைக்க வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு பெரிய விழாவின் மேடை அலங்காரத்துக்கு ஆகிற தொகையில் பல ஆண்டு ஓடும்.

விற்பனையை நினைத்து முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. கலைக்கூடம் கடையாகிவிடும் என்பார்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு நிலம் வாங்கியது பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில்தான். தமிழ்நாட்டு நவீன ஓவியத்தின் வீட்டுக்கு அடித்தளம் போட்டது உடுத்துகிற துணி. கட்டை செய்கிறவர் அதே கையால் சிறு பதக்கமும் காதணியும் செய்து கூடத்து வாசலில் விற்றால் கூத்துக்கு மானக்கேடு ஒன்றும் இல்லை. துரியோதனன் கிரீடத்தைச் சாவிக்கொத்தாக்கி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு பேச்சும் மிச்சமிருக்கிறது: வேலையில்லாப் பிள்ளைகளுக்கு வழி தேடாமல் மரக் கிரீடத்தைப் பற்றிப் பேசுவதா என்பது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்த அறை யாருடைய வேலையையும் தடுக்கவில்லை, இரண்டொருவருக்கு வேலை தரும். ஓரகடத்துத் தொழிற்சாலைக்கு வண்டி ஏறுகிற பையன் ஞாயிற்றுக்கிழமை உளி பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

உத்திரமேரூர் கல்வெட்டிலிருந்து, பள்ளிப் புத்தகங்களும் சொல்கிற ஒரு விதியை மட்டும் இங்கே கடன் வாங்கிக்கொள்ளலாம்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி அந்தப் பதவிக்கு வர முடியாது. மானாம்பதியும் அக்கம்பக்கத்து ஊராட்சிகளும் வருகிற கிராம சபையில் மூன்று வரியில் ஒரு தீர்மானம் போட்டால் போதும். கூடத்து அறையின் சாவி எந்த ஜமாவிடம், எத்தனை மாதத்துக்கு. வாடகையில் எத்தனை பங்கு கட்டை செய்கிறவருக்கு, எத்தனை பங்கு கற்கிற பிள்ளைக்கு, எத்தனை பங்கு மரத்துக்கும் வர்ணத்துக்கும். கணக்கை எந்தக் கிராம சபையில் யார் எழுந்து நின்று வாசிப்பார். சீரமைத்த கூடத்தின் சுவரில் கல் பதித்தே ஆக வேண்டுமென்றால் இந்த மூன்றையும் அதில் வெட்டுங்கள். இடம் மிஞ்சினால் திறந்து வைத்தவர் பெயரையும் போட்டுக்கொள்ளலாம்.